பழைய டச்சு உருவப்படங்களை வீட்டில் மாட்டுவது: கறுப்பைக் காப்பாற்றும் வேலை

திரையில் அத்தனை உயிரோடு இருந்த டச்சுக்காரர், பிரிண்ட் ஆகிச் சுவருக்கு வந்ததும் வெறும் முகமும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாக மிதக்கிறார். உடம்பைக் காணோம். கறுப்பு உடுப்பு, பின்னாலிருந்த பழுப்பு இருட்டு, நாற்காலிக் கை எல்லாம் ஒரே கறையாகிவிட்டன. டச்சு உருவப்படங்களின் பிரதியை வீட்டில் மாட்ட நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான். ஓவியத்தின் மேல் பழி போட வேண்டாம். கோப்பிலோ தாளிலோ கண்ணாடியிலோ விளக்கிலோ எங்கேயோ கறுப்பு செத்துப்போயிருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம், ஹார்லெம் வணிகர்கள் படத்துக்கு உட்காரும்போது உடுத்தியது பெரும்பாலும் கறுப்புத்தான். ஆழமாகச் சாயமேறிய நல்ல கறுப்புத் துணி விலை உயர்ந்தது. பக்திக்கும் பொருந்தும், பணத்தையும் காட்டும். பட்டுக்கு ஒரு கறுப்பு, கம்பளிக்கு ஒரு கறுப்பு, வெல்வெட்டுக்கு வேறொன்று என்று ஓவியர்கள் பிரித்துத் தீட்டினார்கள். ஹார்லெம் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸிடம் 27 கறுப்புகள் இருந்திருக்க வேண்டும் என்று வான் கோ 1885இல் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் வியக்கிறார். அதில் பத்துக் கறுப்பாவது நம் சுவருக்கு வந்து சேர வேண்டும். படம் தேர்வதிலிருந்து ஆணி அடிப்பது வரை எல்லா முடிவையும் ஒரே கேள்வி வைத்து எடுக்கலாம்: இது கறுப்பைக் காப்பாற்றுமா, கொல்லுமா?

எந்தப் படம்

முதல்முறை செய்பவர்களுக்கு யோஹானஸ் வெர்ஸ்ப்ராங்க் 1641இல் வரைந்த நீல உடைச் சிறுமியைத்தான் பரிந்துரைப்பேன். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 82 செ.மீ. உயரம், 66.5 செ.மீ. அகலம். பின்புலம் இருட்டில்லை, வெளிர் சாம்பல். உடை நீலம், ஓரங்களில் பொன் வேலைப்பாடு, கையில் தீக்கோழி இறகு விசிறி. சுமாரான பிரிண்டரில் எடுத்தாலும் பாழாகாது.

அடுத்த படி, ரெம்ப்ராண்ட் 1628இல் தன்னையே வரைந்த சிறு படம். 22.6 x 18.7 செ.மீ.தான், புத்தக அலமாரியில்கூட வைக்கலாம். கண்கள் நிழலில் மூழ்கியிருக்கும். ஒளி ஒரு கன்னத்திலும் காதுமடலிலும் மட்டும் விழும். ஈரம் காயாத வண்ணத்தைத் தூரிகையின் பின்முனையால் கீறி முடிச்சுருள்களை எழுப்பியிருக்கிறார். நல்ல பிரிண்டில் அந்தக் கீறல்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். கீறல் தெரியவில்லை என்றால் கோப்பு மட்டம், அல்லது தாள் மட்டம். சோதனைக்கு இதைவிட நல்ல படம் இல்லை.

எல்லோரும் கேட்பது முத்துத் தோடணிந்த பெண். வெர்மீர், 1665 வாக்கில், 44.5 x 39 செ.மீ., தி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகம். கண்டிப்பாகச் சொன்னால் இது உருவப்படமே இல்லை. யாரென்று அடையாளம் சொல்லாத முகப் பயிற்சி, டச்சுக்காரர்கள் ட்ரோனி என்பார்கள். பின்புலம் வெறும் கறுப்பும் இல்லை. 2018இல் தொடங்கிய ஆய்வில் அது ஒரு பச்சைத் திரைச்சீலையாக வரையப்பட்டது தெரியவந்தது. மேல்பூச்சுச் சாயங்கள் காலப்போக்கில் மங்கியதால் இன்று இருட்டாகத் தெரிகிறது. அந்த மெல்லிய பச்சைச் சாயலை, பிரிண்ட் கடையின் ஆட்டோ கரெக்‌ஷன் முதல் வேலையாகத் துடைத்துவிடும்.

ஹால்ஸ் வேண்டுமென்றால் ரைக்ஸ்மியூசியத்தின் களிப்பான குடிகாரர், 81 x 66.5 செ.மீ.: தளர்ந்த தூரிகை, வெளிச்சமான பின்புலம், சாப்பாட்டு மேசைக்கு ஏற்ற துணை. அவருடைய காலத்து ஹார்லெம் பெண் ஓவியர் யூடித் லைஸ்டரின் தன்னுருவம் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, 1630 வாக்கில் வரைந்தது, 74.6 x 65.1 செ.மீ. நாற்காலியில் சாய்ந்து, வேலையை நிறுத்திவிட்டு நம்மிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பவர் மாதிரி. படிக்கும் அறைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கணவன் மனைவி ஜோடிப் படங்களுக்கு ஒரு கட்டாய விதி உண்டு. பார்ப்பவரின் இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி. உடல்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும். ஹால்ஸின் லூகஸ் தெ கிளெர்க், ஃபெயின்ட்யெ ஃபான் ஸ்டீன்கிஸ்டெ இணை இப்படிப்பட்டது. இடம் மாற்றி மாட்டினால் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு முதுகு காட்டுவதுபோல் ஆகிவிடும். அதைச் சரிக்கட்ட படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்புவது அதைவிட மோசம்: ஒளி தப்பான பக்கத்திலிருந்து வரும், கையெழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறும், லைஸ்டர் இடது கையால் தூரிகை பிடிப்பார்.

ரெம்ப்ராண்ட் 1634இல் வரைந்த மார்ட்டென் சோல்மன்ஸ், ஓப்யென் கோப்பிட் இணையை 2016இல் லூவரும் ரைக்ஸ்மியூசியமும் சேர்ந்து 160 மில்லியன் யூரோவுக்கு வாங்கின. அதிலிருந்து இந்த இணைக்கு ஆசைப்படுபவர்கள் அதிகம். ஒவ்வொன்றும் 2 மீட்டருக்கு மேல் உயரமான முழு உருவம். வீட்டுக்காகப் பாதியாகக் குறைத்தால் முகம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு வந்துவிடும். லேஸ் வேலைப்பாடெல்லாம் போச்சு. வீட்டுக்கு இடுப்பளவு, மார்பளவுப் படங்கள்தான் சரி.

யாருடைய முகத்தை மாட்டுகிறோம் என்பதையும் கொஞ்சம் படித்துவிடுவது நல்லது. மார்ட்டெனின் தந்தை ஆம்ஸ்டர்டாமில் சர்க்கரை ஆலை வைத்திருந்தவர். கரும்பு பிரேசிலில் அடிமைகள் விளைவித்தது. 2021இல் அடிமைமுறை பற்றி நடத்திய கண்காட்சியில் ரைக்ஸ்மியூசியமே இந்த இணையை வைத்து அதைப் பேசியது. லண்டன் கென்வுட் இல்லத்தில் இருக்கும் ஹால்ஸின் பீட்டர் ஃபான் தென் ப்ரூக்கே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர். அதே கம்பெனிதான் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரைத் துணி வணிகத்தை நடத்தியது. மாட்டாதே என்று சொல்ல வரவில்லை. விருந்தாளி கேட்டால் பதில் தெரிந்திருக்கட்டும்.

கோப்பு

ஓவியர்கள் இறந்து 300 ஆண்டுக்கு மேலாகிறது. ஓவியத்துக்குக் காப்புரிமை இல்லை. கேள்வி புகைப்படத்தைப் பற்றியதுதான். ரைக்ஸ்மியூசியம், வாஷிங்டன் நேஷனல் கேலரி, நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் காப்புரிமை நீங்கிய படைப்புகளின் உயர்தரப் படங்களை எந்தப் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் தருகின்றன. கூகுள் படத்தேடலில் கிடைப்பதை எடுக்காதீர்கள். ஒரே ஓவியம் அங்கே பத்து நிறத்தில் இருக்கும்: துப்புரவுக்கு முன் வார்னிஷ் மஞ்சளேறிய காலத்துப் படம், புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்தது, யாரோ நிறத்தை ஏற்றியது. முத்துத் தோடணிந்த பெண்ணை 1994இல் துப்புரவு செய்தார்கள். அதற்கு முந்தைய படங்களில் தோல் தேநீரில் நனைத்த நிறத்தில் இருக்கும். அருங்காட்சியகத் தளத்திலிருந்தே எடுங்கள்.

தேவையான பிக்சல் கணக்கு எளிது: செ.மீ. அளவை 2.54ஆல் வகுத்து, வேண்டிய பிபிஐயால் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) பெருக்கவும். கையெட்டும் தூரத்தில் பார்க்கும் சிறு படத்துக்கு 300, ஒன்றரை மீட்டர் தள்ளிப் பார்க்கும் பெரிய படத்துக்கு 200 போதும், 150க்குக் கீழே போக வேண்டாம். வெர்மீர் படத்தை அசல் அளவில் 300இல் எடுக்க 5256 x 4606 பிக்சல். நீல உடைச் சிறுமிக்கு 200இல் 6457 x 5236. குறைந்தால் படத்தின் அளவைச் சுருக்குங்கள். ஏஐ கருவியைக் கொண்டு பெருக்குபவர்கள் உண்டு. அது வண்ணப்பூச்சின் வெடிப்புக் கோடுகளை முகச் சுருக்கமாக நினைத்துக்கொண்டு, சிறுமிக்கு ஐம்பது வயதைக் கொடுத்துவிடும்.

அளவைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு: முடிந்தவரை அசல் அளவு. மார்பளவு உருவப்படங்களில் முகம் பெரும்பாலும் நிஜ முக அளவுக்கு நெருக்கமாகவோ சற்றுச் சிறிதாகவோ இருக்கும். ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் அறையில் இன்னொரு ஆள் இருக்கிற உணர்வு போய், விளம்பரப் பலகை வந்துவிடும்.

கடைக்காரர் ஏ2 அல்லது ஏ3 என்று சொல்வார். ஏற்காதீர்கள். ஏ வரிசைத் தாள்களில் உயரம் அகலத்தைப்போல 1.41 மடங்கு. டச்சு மார்பளவுப் படங்கள் பெரும்பாலும் 1.14க்கும் 1.26க்கும் இடையில். வெர்மீர் படத்தை ஏ2 தாளின் உயரத்துக்குப் பொருத்தினால் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெட்டுப்படும். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் அந்த வெற்று இருட்டுதான் போகும். அந்த இருட்டு இல்லாமல் அந்தத் திரும்பல் இல்லை. ரோல் தாளில் படத்தின் விகிதத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

அச்சுக்கு முன் கோப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளே போதும். முதலில் ஓரங்களைப் பாருங்கள். சில கோப்புகளில் நிற அளவுப் பட்டையும் ஓவியத்தின் கிழிந்த ஓரமும் சேர்ந்து வரும், வெட்டிவிடுங்கள். பிறகு நிழலைத் தூக்க வேண்டும். 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரையான அளவில் ரெம்ப்ராண்டின் பின்புலங்கள் பெரும்பாலும் அடிமட்டத்தில் கிடக்கும். பளபளப்பில்லாத மேட் தாளில் 20க்குக் கீழே இருப்பவை ஒன்றோடொன்று கரைந்துவிடும். இருளையும் வெளிச்சத்தையும் ஒரு வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் கருவியில் 0ஐ அப்படியே விட்டு, 20இல் ஒரு புள்ளி வைத்து 30க்குத் தூக்குங்கள். 90இல் இன்னொரு புள்ளியை அசையாமல் நிறுத்துங்கள். வெளிச்சப் பகுதியைத் தொடாதீர்கள். முழுப் படத்தையும் பிரைட்னஸ் கொடுத்து வெளுப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் நிழல் கொஞ்சம் திறக்கும், ஆனால் கழுத்துப்பட்டியின் லேஸ் வெள்ளையில் கரைந்து காணாமல் போகும்.

கழுத்துப்பட்டியைப் பளீர் வெள்ளையாக்கவும் முயல வேண்டாம். அது ஈயவெள்ளை, மேலே பழுத்த வார்னிஷ். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் 225, 220, 205 என்பதுபோல் லேசாகச் சூடாக இருப்பதே இயல்பு. அதைச் சுத்த வெள்ளைக்கு இழுத்தால் முகம் நீலம் பாரித்துவிடும்.

கணினித் திரையின் ஒளியையும் குறையுங்கள். கடையில் வந்தபடி விட்ட திரை, அச்சைவிடப் பலமடங்கு பிரகாசம். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, மேசை விளக்கடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை இறக்கினால் போதும்.

தாளும் மையும்

ஃப்ளெக்ஸ், வினைல் அடிக்கும் கடை இதற்கு ஆகாது. பிக்மென்ட் மை போட்ட, 8 நிறத்துக்கு மேல் உள்ள பெரிய இன்க்ஜெட் வைத்திருக்கும் கலைப்பிரதிக் கடை வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்தத் தாளுக்கு எந்தக் கறுப்பு மை போடுவீர்கள்? இந்த வகை பிரிண்டர்களில் ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக் என்று இரண்டு உண்டு. பளபளப்புத் தாளுக்கு முன்னது, பஞ்சில் செய்த மேட் தாளுக்குப் பின்னது. மாற்றிப் போட்டால் பஞ்சுத் தாளில் கறுப்பு சாம்பலாக வெளுக்கும்; பளபளப்புத் தாளில் மை ஒட்டாமல் விரலோடு வரும். கேள்விக்கு உடனே பதில் வந்தால் கடை சரியான கடை. அவர்களிடமிருந்து அந்தத் தாளின் ஐசிசி ப்ரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) வாங்கி, அச்சு எப்படி இருக்கும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபில் பாருங்கள். அங்கே ரிலேடிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் என்ற இரண்டு அமைப்புகளும் தேர்ந்திருக்கட்டும். ஆர்டரில் எழுதிக் கொடுங்கள்: ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், 100 சதவீத அளவு.

தாள் மூன்று வகை. 300 கிராம் வாக்கில் கனமான பஞ்சு மேட் தாள் கைக்கு அழகு, ஆனால் அதன் அதிகபட்சக் கறுப்பே விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பியனுப்பும். லேசான பளபளப்புள்ள பரைட்டா தாளின் கறுப்பு அரை சதவீதம்தான்; நான்கு மடங்கு ஆழம். மூன்றாவது கேன்வாஸ். அசல் எதில் வரையப்பட்டது என்று பார்த்துத் தேர்வதுதான் முறை. ரெம்ப்ராண்டின் 1628 படம் மரப்பலகையில் வரைந்தது. அதைத் துணியில் அடித்தால் இல்லாத நெசவு முகத்தில் ஏறும். பலகை ஓவியங்களுக்குப் பரைட்டா, துணி ஓவியங்களுக்குக் கேன்வாஸ் அல்லது பரைட்டா.

கேன்வாஸ் என்றால் மடித்து அடிக்க நான்கு பக்கமும் 5 செ.மீ. கூடுதல் துணி விடச் சொல்லுங்கள். அச்சடித்து 24 மணி நேரம் காய்ந்த பிறகு நீர்சார் சாட்டின் (லேசாக மினுங்கும்) வார்னிஷ், மெல்லியதாக இரண்டு பூச்சு. மேட் வார்னிஷ் கறுப்பின் மேல் சாம்பல் தூவியதுபோல் ஆக்கும். பளபளப்பு மிகுந்த வார்னிஷ் ஜன்னலைப் படத்துக்குள் கொண்டுவரும். வார்னிஷ் அடித்துக் காய்ந்தபிறகே சட்டத்தில் இழுக்க வேண்டும். முதலில் இழுத்தால் மூலை மடிப்பில் மை வெடித்து வெள்ளை தெரியும். தூரிகைக் கோடுபோல ஜெல் பூசித் தருகிறோம் என்பார்கள், மறுத்துவிடுங்கள்: ஹால்ஸின் தூரிகை ஒரு பக்கம் ஓட, ஜெல் இன்னொரு பக்கம் ஓடும்.

பெரிய பிரிண்டுக்கு முன் ஏ4 அளவில் சோதனை எடுப்பது தவிர்க்க முடியாதது. முழுப் படத்தைச் சுருக்காமல், அசல் அளவில் மூன்று துண்டு: கழுத்துப்பட்டியின் லேஸ், முகத்தின் நிழல் பக்கம், பின்புலத்தின் மிக இருண்ட மூலை. நிழல் தூக்காதது, 8 தூக்கியது, 15 தூக்கியது என மூன்று விதமாக எடுத்து, மாட்டப்போகும் சுவரில் ஒட்டி, இரவில் விளக்குப் போட்டுப் பாருங்கள். கடையின் கவுன்டரில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே வெளிச்சம் அதிகம், எல்லாமே நன்றாகத் தெரியும்.

கண்ணாடி

பலர் தாளுக்குச் செலவழித்துவிட்டுக் கண்ணாடியில் மிச்சம் பிடிப்பார்கள். தலைகீழ் கணக்கு. சாதாரணக் கண்ணாடி இரு பரப்பிலுமாக சுமார் 8 சதவீத ஒளியைப் பிரதிபலிக்கும். தாளின் கறுப்பு அரை சதவீதமா 2 சதவீதமா என்று பார்த்துப் பார்த்து வாங்கியதெல்லாம் அந்த 8இல் அடித்துப்போய்விடும். வெளிர் நிறப் படத்தில் தெரியாத பிரதிபலிப்பு, இருண்ட படத்தில் அப்பட்டமாகத் தெரியும்: எதிர்ச் சுவர் ஜன்னல், டியூப்லைட், சுற்றும் மின்விசிறி. பிரதிபலிப்பு நீக்கும் பூச்சுள்ள மியூசியம் கண்ணாடி 1 சதவீதத்துக்குள் நிறுத்தும். பணம் எங்கே போட வேண்டும் என்று கேட்டால், இங்கே. மேட் கண்ணாடி என்று விற்கும் சொரசொரப்புக் கண்ணாடி வேறு. அது பிரதிபலிப்பை உடைத்துக் கறுப்பு முழுக்கப் பரப்பிவிடும். அதற்கு வெறும் கண்ணாடியே மேல்.

மியூசியம் கண்ணாடி கட்டுப்படி ஆகாதென்றால் கண்ணாடியே இல்லாத வார்னிஷ் கேன்வாஸுக்குப் போங்கள். இடையில் நிற்க வேண்டாம்.

கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. பொதுவாக வெள்ளை அட்டை மவுன்ட் அந்த இடைவெளியைக் கொடுக்கும். ஆனால் டச்சு முகத்தைச் சுற்றி வெள்ளை மவுன்ட் வைத்தால் அருங்காட்சியகக் கடையில் வாங்கிய போஸ்டர் களை வந்துவிடும். அதற்குப் பதில் ஃப்ரேமின் உள்வெட்டுக்குள் (படம் உட்காரும் பள்ளம்) மறையும் 3 மி.மீ. கனப் பட்டையைக் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் சுற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள். அச்சு வந்த அன்றே அடைக்கவும் கூடாது. மையில் மிச்சமிருக்கும் ஈரம் கண்ணாடியின் உட்புறம் பனிப்படலமாகப் படியும். வெற்றுத்தாள் ஒன்றை மேலே பரப்பி 24 மணி நேரம் வைத்துவிட்டு அடையுங்கள்.

தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இறுக்குவது ஃப்ரேம் கடைகளின் பழக்கம். மழைக்காலத்தில் தாள் விரியும், போக இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் அமிலமற்ற டேப்பால் தொங்கவிட வேண்டும். 60 செ.மீ.க்கு மேற்பட்ட தாளை 3 மி.மீ. ஏசிபி ஷீட்டில் (இருபுறமும் அலுமினியத் தகடு பதித்த பலகை) முழுவதும் ஒட்டவைப்பது நல்லது. மைதாப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

ஃப்ரேம்

கனத்த தங்க ஃப்ரேம்தான் பழைய ஓவியத்துக்கு அழகு என்ற எண்ணம் பிரெஞ்சு ரசனை. பல டச்சு ஓவியங்கள் பின்னாளில்தான் அப்படி மாற்றப்பட்டன. 17ஆம் நூற்றாண்டின் டச்சு ஃப்ரேம் அகலமானது, தட்டையானது, கறுப்பு. வசதியுள்ளவர்களுக்குக் கருங்காலி மேலொட்டு. மற்றவர்களுக்குப் பேரிமரத்தைக் கறுப்பாக்கியது. சிலவற்றில் அலையலையாகச் செதுக்கிய பட்டைகள், பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் மினுங்கும். வெள்ளைச் சுவருக்கும் இருண்ட ஓவியத்துக்கும் நடுவே கண்ணுக்கு ஒரு படி அமைத்துக் கொடுப்பது இந்த ஃப்ரேம்தான்.

வெர்மீர் அளவுக்கு 6 முதல் 7 செ.மீ. அகலம், 80 செ.மீ. படங்களுக்கு 9 செ.மீ. உள்விளிம்பில் 5 மி.மீ. மங்கிய தங்கக் கோடு இருந்தால் போதும். வாங்க வேண்டிய மோல்டிங்கின் (ஃப்ரேம் செய்யும் மரச்சட்டம்) நீளம்: படத்தின் சுற்றளவு, கூட அகலத்தைப்போல 8 மடங்கு. நீல உடைச் சிறுமிக்கு 9 செ.மீ. மோல்டிங்கில் 297 கூட்டல் 72, ஆக 369 செ.மீ.; அறுப்புச் சேதாரம் சேர்த்து 4 மீட்டர். உள்வெட்டு ஒவ்வொரு பக்கமும் 5, 6 மி.மீ. படத்தை மூடும் என்பதால் கையெழுத்து ஓரத்தை ஒட்டியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கடையில் கிடைக்கும் கறுப்பு ஃப்ரேம்கள் பியானோ மாதிரி பளபளக்கும் அல்லது பிளாஸ்டிக் மாதிரி செத்துக் கிடக்கும். வெறும் மர மோல்டிங் வாங்கிச் சாயமேற்றுவது பெரிய வித்தையில்லை. மரத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரை 240 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். நீரில் கரையும் கறுப்பு மரச்சாயம் இரண்டு பூச்சு. அதற்கு மேல் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்கு கரைத்த பாலிஷ், மெல்லியதாக இரண்டு பூச்சு. காய்ந்ததும் மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் பளபளப்பைக் கொன்று, கறுப்பு மெழுகு தேய்த்துத் துணியால் துடையுங்கள். சாயம் ஸ்பிரிட்டில் கரைவதாக இருக்கக்கூடாது: அரக்குப் பாலிஷில் இருக்கும் ஸ்பிரிட் அதைத் திரும்பக் கரைத்து, தங்கக் கோட்டின் மேல் இழுத்துவிடும்.

சுவரும் விளக்கும்

வெர்மீர் வரைந்த அறைகளில் சுவர் வெள்ளைச் சுண்ணாம்புதான். ஆனால் அந்த வெள்ளையில் வடக்கத்திய ஜன்னல் வெளிச்சம் சாம்பலாக இறங்கும். நம் டியூப்லைட் அடிக்கும் வெள்ளைச் சுவரில் கண் சுருங்கிக்கொள்ளும், படம் ஒரு ஓட்டையாகத் தெரியும். 2013இல் மறுதிறப்பான ரைக்ஸ்மியூசியத்தின் உள்ளரங்கை அமைத்த ழான்-மிஷேல் வில்மோட் சுவர்களுக்குச் சாம்பல் நிறங்களைத் தேர்ந்தார். ஒரு சுவரை மட்டும் நடுத்தர அடர்த்தியில் சாம்பல், பாசிப்பச்சை, கருநீலச் சாம்பல் இவற்றில் ஒன்றாக அடித்தால் போதும். மேட் எமல்ஷன்தான், ஷீன் உள்ளது விளக்கைத் திருப்பியடிக்கும்.

பெரும்பாலான டச்சு உருவப்படங்களில் ஒளி இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. எனவே படத்துக்கு இடப்பக்கம் ஜன்னல் உள்ள சுவரைத் தேர்ந்தால் வரைந்த ஒளியும் அறையின் ஒளியும் ஒன்றாகும். எதிரே ஜன்னல் உள்ள சுவர் எக்காரணத்துக்கும் வேண்டாம்.

விளக்கு 2700 முதல் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் ஒளி; நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95க்கு மேல். பெட்டியில் ஆர்9 எண்ணையும் பாருங்கள். அது சிவப்பைக் காட்டும் திறன், குறைந்தால் கன்னங்கள் பிணநிறம். 6500 கெல்வின் டியூப்லைட் டச்சுப் பழுப்பு முழுவதையும் பச்சைச் சாம்பலாக்கிவிடும். விளக்கு செங்குத்திலிருந்து 30 டிகிரியில் விழட்டும். படத்தின் நடு 150 செ.மீ. உயரம், கூரை 3 மீட்டர் என்றால் விளக்கைச் சுவரிலிருந்து 87 செ.மீ. தள்ளிப் பொருத்த வேண்டும். ஆழமான ஃப்ரேமில் ஒரு சிக்கல்: படம் 3 செ.மீ. உள்ளே இருந்தால் 30 டிகிரியில் மேல்விளிம்பின் நிழல் 5 செ.மீ. கீழே இறங்கி நெற்றியைத் தொடலாம். 40 டிகிரிக்குத் தள்ளினால் மூன்றரை செ.மீ.யாகும், ஆனால் கண்ணாடியில் விளக்கு தெரியத் தொடங்கும். மியூசியம் கண்ணாடி போட்டிருந்தால் தள்ளலாம். இல்லையென்றால் ஆழம் குறைந்த ஃப்ரேம்.

மாட்டுவது

படத்தின் நடுவை 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வைப்பது பொதுவான வழக்கம். உருவப்படத்துக்கு இது ஒத்துவராது. கண்கள் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருப்பதால் அந்த ஆள் நம் தலைக்கு மேலாகப் பார்ப்பார். கண்களையே அளவாக வையுங்கள்: நடக்கும் இடத்தில் 150 செ.மீ., உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் 125. கொக்கியின் உயரம் காண: வேண்டிய கண் உயரம், கூட கண்ணிலிருந்து ஃப்ரேம் மேல்விளிம்பு வரை, கழித்தல் இழுத்துப் பிடித்த கம்பியிலிருந்து மேல்விளிம்பு வரை. 150, 34, 12 என்றால் 172 செ.மீ.யில் துளை.

எடையை மட்டாக நினைக்காதீர்கள். கண்ணாடி ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 82 x 66.5 படத்துக்கு 3 மி.மீ. கண்ணாடி மட்டும் 4 கிலோ; ஃப்ரேம், பின்பலகை சேர்த்தால் 7, 8 கிலோ வரும். அக்ரிலிக் போட்டால் கண்ணாடி எடை பாதியாகும். செங்கல் சுவரில் 6 மி.மீ. துளை, ராவல் பிளக், 40 மி.மீ. ஸ்க்ரூ, பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை போக வேண்டும், பூச்சில் மட்டும் பிடித்தது ஒருநாள் கழன்று வரும். ஒரு கொக்கிக்குப் பதில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு வைத்தால் கதவு அறையும்போதெல்லாம் படம் சாயாது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

கம்பி கட்டும் டி-ரிங் வளையங்களை ஃப்ரேம் உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் திருகினால் மேல்விளிம்பு சுவரிலிருந்து சற்று விலகிப் படம் முன்னே சாயும். டச்சு உள்ளறை ஓவியங்களில் சுவர்க் கண்ணாடிகள் இப்படித்தான் சாய்ந்து தொங்கும். இந்த இரண்டு மூன்று டிகிரிச் சாய்வு கூரை விளக்கின் பிரதிபலிப்பைப் பார்ப்பவர் கண்ணுக்குப் போகாமல் தரைப்பக்கம் திருப்பிவிடும். கீழ் மூலைகளில் 3 மி.மீ. ஃபெல்ட் பொட்டு ஒட்டுங்கள். பின்னால் காற்று ஓடும், ஈரம் தங்காது.

ஓர் அறைக்கு ஒரு முகம், அல்லது ஒரு ஜோடி. இந்த ஆட்கள் நேராகப் பார்ப்பவர்கள். ஐந்து பேரை ஒரே அறையில் வைத்தால் விசாரணைக் கமிஷன் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நீல வெள்ளை டெல்ஃப்ட் ஓடு, மரச்செருப்பு, மெழுகுவர்த்தித் தண்டு என்று துணைக்கு அடுக்குவதும் வேண்டாம்.

நேர் வெயில் படும் சுவர், குளியலறையோடு ஒட்டிய சுவர், மழையில் வெளிப்புறம் நனையும் சுவர் மூன்றையும் தவிருங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேராகக் கண்ணாடியில் அடித்தால் கீழ் இடுக்கு வழியாக உள்ளே இறங்கித் தாளின் அடியில் கறையாகும். மியூசியம் கண்ணாடிக்கு மைக்ரோஃபைபர் துணி மட்டும், அம்மோனியா கலந்த திரவம் ஆகாது. கேன்வாஸை உலர்ந்த மென்தூரிகையால் தட்டினால் போதும். கார்த்திகை முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்; பின்பலகை ஒட்டுத்தாள் எங்காவது விட்டிருந்தால் அப்போதே ஒட்டிவிடலாம்.